மலைச்சாரலும் மருத்துவக் கல்வியும்

தோற்றுவாய்

கற்றார் குடியிற் பிறந்த பிள்ளைக்குக் கல்வி என்பது வழிவழி வந்த நன்செய் போன்றது. வரப்பும் வாய்க்காலும் முன்னோர் வகுத்து வைத்தனவாதலின், அப்பிள்ளை செய்யத்தக்கது உழுது விதைத்தல் ஒன்றேயாம். ஒரு குடியில் முதன்முதல் எழுத்தறிந்த பிள்ளையின் நிலை அத்தகையதன்று. அது காடு திருத்தி, கல் பொறுக்கி, நீருக்கு வழி கண்டு, அதன் பின்னரே விதைக்க வேண்டும். இவ்விருவர்க்கும் ஒரே நாளில் அறுவடை வைத்து, யார் மிகுதியாகக் கொணர்ந்தார் என்று அளந்து பார்ப்பது உலக வழக்கமாக இருக்கிறது.

நம் சங்கத்து அன்பர்களுக்கு இப்பொருள் பற்றி எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகட்கு முன், கல்வராயன் மலையினின்று இறங்கிவந்து, அடிவாரத்து விடுதி ஒன்றில் தங்கி, எம்மிடம் தமிழ் பயின்ற மாணாக்கி ஒருத்தி, வகுப்பு முடிந்தபின் தயங்கி நின்று, “ஐயா, டாக்டருக்குப் படிக்க வேண்டுமானால் எங்கே எழுதிக் கேட்க வேண்டும்?” என்று வினவினாள். யாப்பைப் பற்றியோ அணியைப் பற்றியோ கேட்டிருப்பின் உடனே விடை பகர்ந்திருப்போம். இவ்வினாவிற்கு எம்மிடம் விடை இல்லை. “நன்றாகப் படி, அம்மா, மற்றவை தாமே வரும்” என்று கூறி அனுப்பிவிட்டோம்.

அவ்விடை பிழைபட்டது என்பதைக் காலங் கடந்தே உணர்ந்தோம். நம் நாட்டு மருத்துவக் கல்வியின் வரலாற்றை ஆராய்ந்து பார்க்குங்கால், எளியவர்க்கு எதுவும் தானே வந்ததில்லை என்பது விளங்குகின்றது. ஒவ்வொரு கதவும் யாரோ ஒருவர் கேட்டமையால் திறந்தது. திறந்த கதவைக் காட்டுவார் இல்லாத வீட்டிற்கு அது மூடிய கதவே. இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் மலையாளிகளும்

குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊர்க்குப் பெயர். கள்ளக்குறிச்சி அப்பெயரைத் தாங்கி நிற்பதற்கு அதன் மேற்கே எழுந்து தோன்றும் கல்வராயன் மலையே சான்றாகும். கோமுகியாறு அம்மலையிற் பிறந்து வந்தே நம் கரும்பையும் நெல்லையும் வளர்க்கின்றது. நம் உணவிற்கு நீர் தரும் அம்மலையின் மக்களைப் பற்றி நம்முள் அறிந்தார் மிகச் சிலரே.

அம்மலைவாழ் மக்கள் மலையாளிகள் எனப்படுவர். கேரள நாட்டாரோடு இவரை மயங்கிக் கொள்ளுதல் கூடாது. இவர் பேசுவது தமிழே. மலையை ஆள்பவர் என்னும் பொருள்பட இப்பெயர் அமைந்தது என்பர். காஞ்சியினின்று முன்னோர் புறப்பட்டு வந்து மலைகளிற் குடியேறினர் என்பது அவர்தம் வழிவழிக் கதை.

இம்மலைப்பகுதி நெடுங்காலம் சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. வெள்ளையர் ஆட்சி நீங்கிய பின்னும் அம்முறை உடனே நீங்கிற்றில்லை. சமவெளியில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ஆம் ஆண்டிலேயே பிறந்தது. கல்வராயன் மலை ஜாகீர்களோ 1976-ஆம் ஆண்டில்தான் அரசின் நேரடி ஆட்சிக்குள் வந்தன. 1976-இற் பிறந்த குழந்தைக்கு இன்று ஐம்பது வயது அளவே ஆகும் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாட்டார் பலர் பட்டம் பெற்றுத் தம் மக்களையும் பட்டதாரிகளாக்கிய காலத்திலேதான் அம்மலையார்க்கு அரசின் பள்ளியும் பாதையும் மெல்ல மெல்ல எட்டலாயின. ஆதலின் இன்று அம்மலையிற் பன்னிரண்டாம் வகுப்பை எட்டும் பிள்ளைகளுட் பலர் தம் குடியில் அப்படியேறிய முதல்வராக இருத்தல் வியப்பன்று.

சென்னையில் திறந்த கதவு

இனி, மருத்துவக் கல்வியின் தொடக்கத்தை நோக்குவோம். 1835-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிற் சென்னையில் மருத்துவப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. அதுவே 1850-இற் கல்லூரியாயிற்று. அதே 1835-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில்தான், அரசு கல்விக்கெனச் செலவிடும் பொருள் ஆங்கில வழிக் கல்விக்கே பயன்படுதல் வேண்டுமெனப் பெண்டிங்கு பிரபுவின் ஆட்சி முடிவு செய்தது. ஆகவே புதிய மருத்துவத்தின் வாயிலில் ஆங்கிலம் என்னும் ஒரு பூட்டு முதலிலேயே பூட்டப்பட்டதாயிற்று.

பெண்டிர்க்கு அக்கல்லூரி 1875-இல் இடந்தந்தது. மேரி ஷார்லிபு என்னும் ஆங்கில மாதும் வேறு மூவரும் அவ்வாண்டு சேர்ந்தனர். தமிழ்ப் பெண்மணியாகிய முத்துலட்சுமி ரெட்டியார் 1907-இற் சேர்ந்து 1912-இற் பட்டம் பெற்றார். அவர் வரலாறு நம்மவர் பலரும் அறிந்ததே. ஆயினும் ஒன்றை நோக்குக. அவர் தந்தையார் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியின் தலைவராக இருந்தவர். கற்றறிந்த அத்தந்தை உடனிருந்தும், ஆடவர் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்த்தற்குப் புதுக்கோட்டை மன்னரின் ஆணை வேண்டியிருந்தது. தந்தை கல்லூரித் தலைவர், ஆணையிடுவார் மன்னர், அங்ஙனமிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. தந்தை மரம் வெட்டப் போயிருக்கும் வீட்டிற் பிறந்த பெண்ணுக்கு யார் ஆணையிடுவார் என்பதே நம் வினா.

யாழ்ப்பாணத்தார் கண்ட வழி

ஆங்கிலப் பூட்டைத் திறக்க முயன்ற பெரியார் ஒருவர் கடல் கடந்த தமிழகத்தில் இருந்தார். அமெரிக்க நாட்டினின்று 1847-இல் இலங்கை போந்த சாமுவேல் கிறீன் என்னும் மருத்துவர், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவ நிலையம் அமைத்து மாணாக்கரைப் பயிற்றினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். அங்ஙனம் கற்றவர் சம்பளம் நாடி அரசினர் வேலைக்கும் நகரங்கட்கும் செல்வதையும், ஊர்ப்புறங்கள் முன்போலவே வைத்தியரின்றி வாடுவதையும் கண்டார். பின்னர்த் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார்.

கற்பிக்க நூல் வேண்டுமே! அவரும் அவர் மாணாக்கரும் சேர்ந்து உடற்கூறு, அறுவை மருத்துவம், பிரசவ மருத்துவம், இரசாயனம் ஆகியவற்றைத் தமிழிற் பெயர்த்தனர். ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ என்பன அவற்றுட் சில. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர் அவரிடம் பயின்று வெளிவந்தனர். 1873-இல் அவர் தம் நாடு திரும்பினார், அங்கிருந்தும் தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார், 1884-இல் இறந்தார். அவர்க்குப்பின் அம்முயற்சி தழைக்கவில்லை.

தமிழாசிரியராகிய எமக்கு இவ்வரலாறு பெருமிதத்தையும் வெட்கத்தையும் ஒருங்கே தருகின்றது. நூற்றைம்பது ஆண்டுகட்கு முன் ஓர் அயல்நாட்டார் கண்ட உண்மை யாதெனின், வீட்டில் வழங்கும் மொழியிற் கற்ற வைத்தியனே வீட்டருகில் தங்குவான் என்பது. மலையடிவாரத்து மருத்துவமனைகளில் மருத்துவர் நிலைத்துத் தங்குவதில்லை என்று குறை கூறும் நாம், மலையிற் பிறந்த பிள்ளையே மருத்துவனாகத் திரும்பினால் அக்குறை பெரிதும் தீரும் என்பதை எண்ணுவதில்லை.

குறுகிய படியும் அதன் மறைவும்

முற்காலத்தே எம்.பி.பி.எஸ். பட்டமேயன்றி எல்.எம்.பி. என்னும் குறுகிய பயிற்சியும் இருந்தது. பட்டப் படிப்பிற் குறைந்த செலவும் குறைந்த காலமும் உடையதாதலின், நடுத்தர எளிய குடும்பத்தார் பலர்க்கு அதுவே ஏணியாயிற்று. ஊர்ப்புறத்து மருத்துவமனைகளை நடத்தியவர் பெரும்பாலும் அவரே. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-இற் பெண்டிர்க்கென நிறுவிய மருத்துவப் பள்ளியும் அப்பயிற்சியையே அளித்தது. அது 1942-இற் பட்டப் படிப்பிற்கு உயர்ந்தது.

1946-இல் அறிக்கையளித்த போர் குழுவினர், நாடெங்கும் ஒரே தரமான மருத்துவப் பட்டமே இருத்தல் வேண்டும் என்று பரிந்துரைத்தனர். ஆரம்ப சுகாதார நிலையங்கள் என்னும் ஏற்பாட்டிற்கு வித்திட்டதும் அவ்வறிக்கையே. உழவனுக்கு ஒரு தரமும் செல்வனுக்கு ஒரு தரமும் கூடாது என்பது நன்றே. அதனை யாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் ஏணியின் கீழ்ப்படியை எடுத்த பின், மேற்படியை எட்டாதார் யாவர் என்பதையும் உடன் எண்ணியிருத்தல் வேண்டும்.

பங்கீட்டின் வரலாறு

மருத்துவக் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிடும் முறை சென்னை மாகாணத்தில் முன்பே இருந்தது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் 14 இடங்களுக்கு ஒரு வரிசை என்று கணக்கிட்டு, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, அரிசனர்க்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் இந்தியக் கிறித்தவர்க்கும் சேர்த்து 1, முசுலிம்களுக்கு 1 என வழங்கினர். மருத்துவக் கல்லூரி இடத்தைக் குறித்துச் செண்பகம் துரைராசன் என்னும் அம்மையார் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1950-இலும், உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலிலும் அம்முறை அரசியலமைப்பிற்கு மாறானது எனத் தீர்ப்பளித்தன. அதன் பயனாகவே 1951 ஜூனில் அரசியலமைப்பு முதன்முறை திருத்தப்பட்டு, பிற்பட்டோர்க்குத் தனியேற்பாடு செய்யும் உரிமை அரசுக்கு வழங்கப்பட்டது.

அப்பதினான்கு இடக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு யாம் நெடுநேரம் நோக்கினோம். அவ்வரிசையில் மலைவாழ் மக்களுக்கெனத் தனியே ஓர் இடமும் குறிக்கப்படவில்லை. கேட்பார் இருந்த வகுப்பார் எல்லார்க்கும் எண் இருந்தது. அக்காலத்தே மலையினின்று மனு எழுதத்தக்கார் எவரும் இலர் போலும். பின்னர்ப் பட்டியற் சாதியாரோடு சேர்த்து ஒரே பங்கில் அவர் அடக்கப்பட்டனர். பழங்குடியினர்க்கென நூற்றுக்கு ஒன்று என்னும் தனிப்பங்கு தமிழ்நாட்டில் 1990-இலேயே பிறந்தது. 1835-இற் கல்வி தொடங்கியது, 1990-இற் பங்கு வந்தது எனின், இடைப்பட்டது 155 ஆண்டு.

தேர்வும் மொழியும்

தொழிற்கல்விக்கு 1984 முதல் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு நடந்தது. நகரத்துப் பயிற்சி நிலையங்களுக்குச் செல்ல இயலாத ஊர்ப்புறத்து மாணாக்கர் பின்தங்குகின்றனர் என்னும் காரணத்தால் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அது நீக்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. 2017-இல் நாடு முழுமைக்கும் பொதுவான நீட் தேர்வு தமிழ்நாட்டிற்கும் கட்டாயமாயிற்று. அதனின்று விலக்கு வேண்டி 2021-இற் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவிற்குக் குடியரசுத் தலைவரின் இசைவு கிட்டவில்லை.

அத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆயின் 2018-இல் நிகழ்ந்ததை நினைவு கூர்க. அவ்வாண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழைபட மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என்று வழக்கு எழுந்தது. வினா ஒன்றுக்கு 4 ஆக 196 மதிப்பெண் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது; உச்ச நீதிமன்றம் அவ்வாணையைப் பின்னர் நீக்கிவிட்டது. சட்டம் பற்றிய முடிவு நீதிமன்றங்களைச் சார்ந்தது. அதில் யாம் புகுவதற்கில்லை. ஆனால் மொழிபெயர்ப்பு தமிழாசிரியர் தொழிலோடு தொடர்புடையது. கிறீன் தம் கையாற் செய்து காட்டிய செயலை, இத்துணைத் தமிழ்ப் புலவரும் அறிவியலாரும் உள்ள காலத்தில் ஒரு வினாத்தாள் அளவிற்கேனும் பிழையறச் செய்ய இயலாமற் போயிற்றே என்பதே எம் வருத்தம்.

நீட் வந்தபின் அரசுப் பள்ளியிற் பயின்று எம்.பி.பி.எஸ். இடம் பெற்றார் தொகை கைவிரல் விட்டு எண்ணத்தக்க அளவிற்குச் சுருங்கியது. அந்நிலையில், ஓய்வு பெற்ற நீதிபதி கலையரசன் தலைமையில் அமைந்த ஆணையத்தின் அறிக்கையைத் தழுவி, 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் படித்து நீட் தேர்விலும் தகுதி பெற்றார்க்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2020-இற் பிறந்தது. பழங்குடியினர் நலப் பள்ளிகளிற் பயின்றாரும் இதனுள் அடங்குவர். முதல் ஆண்டிலேயே முந்நூற்றுக்கு மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் அங்ஙனம் கிடைத்தன. அம்முன்னுரிமை வழியே தனியார் கல்லூரியில் இடம் பெறுவார் கட்டணத்தையும் அரசே ஏற்றது. அச்சட்டம் செல்லும் என 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

நம் ஊரில் ஒரு கல்லூரி

2019 நவம்பர் 26-இற் கள்ளக்குறிச்சி, விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2020 ஜூலையிற் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2022 ஜனவரி 12-இல், தமிழ்நாட்டிற் புதிதாக எழுந்த 11 கல்லூரிகளுள் ஒன்றாக அது திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 150 மாணாக்கர்க்கு அங்கே இடம் உண்டு. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் சேலத்திற்கும் பிணியாளரைத் தூக்கிச் சென்ற நம் முன்னோர் இதனைக் கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பர்.

அதன் தேவையை 2024 ஜூன் திங்கள் நம் அனைவர்க்கும் துயரத்தோடு உணர்த்திற்று. நகரத்துக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அருந்தி அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்ட அந்நாட்களில், அக்கல்லூரி மருத்துவமனையின் கட்டில்கள் நிரம்பிப் பலர் சேலத்திற்கும் விழுப்புரத்திற்கும் புதுச்சேரிக்கும் அனுப்பப்பட்டனர். ஓர் ஊரிற் கல்லூரிக் கட்டடம் எழுவது தொடக்கமே. அவ்வூர்ப் பிள்ளைகள் அதனுள் மருத்துவராகவும் செவிலியராகவும் நடமாடும் நாளிலேயே அஃது ஊருக்குரியதாகும்.

எம் பிழை

இப்பொழுது அம்மாணாக்கியின் செய்திக்கு வருவோம். அவள் சொன்னபடியே நன்றாகப் படித்தாள். நீட் தேர்விலும் தகுதி பெற்றாள். அரசுப் பள்ளி முன்னுரிமையிலும் பழங்குடியினர் பங்கிலும் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கத் தக்க மதிப்பெண் அவளிடம் இருந்தது. ஆனால் சாதிச் சான்றிதழ் இல்லை. ஏனைய வகுப்பார்க்கு வட்டாட்சியர் அலுவலகத்திலேயே அச்சான்றிதழ் வழங்கப்படும். பழங்குடியினர்க்கு வழங்குபவர் வருவாய்க் கோட்டாட்சியர். அதற்கு விசாரணையும் உண்டு. அவள் தந்தையார்க்கு இவ்வேற்றுமை தெரியாது. கூலி வேலையை விட்டு மலையிறங்கி வந்து, ஓர் அலுவலக வாயிலில் இரு நாள் நின்றபின்னரே, சேரவேண்டிய இடம் வேறு என்று அறிந்தார். சான்றிதழ் கைக்கு வந்தபோது விண்ணப்ப நாள் கடந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

அலுவலகத்தாரை யாம் குறை கூறவில்லை. அவர்க்கு முறையென்று ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பிலேயே அச்சான்றிதழுக்கு எழுதிப்போடுமாறு சொல்லியிருக்க வேண்டியவர் யாம். அவள் எம்மிடமே வழி கேட்டாள். யாம் வாழ்த்து மட்டும் கூறினோம்.

அவள் அழுது நின்றாளல்லள். மறுமுறை தேர்வெழுத ஓராண்டு காத்திருக்க வீட்டில் வசதியின்மையின், செவிலியர் பட்டப் படிப்பிற் சேர்ந்தாள். சென்ற ஆண்டு பொங்கலன்று வந்து, “ஐயா, எங்கள் ஊர்ப் பெண்கள் இப்போது என்னைத்தான் மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லச் சொல்கிறார்கள்” என்றாள். செவிலியர் தொழிலை யாம் தாழ்வாகக் கருதுவோமல்லோம். பிணியாளன் இரவெல்லாம் காண்பது செவிலியின் முகத்தையே. எனினும், அவள் விரும்பி அத்தொழிலைத் தேர்ந்திருந்தால் எமக்கு மகிழ்ச்சி. நாள் தவறியதனால் தேர்ந்தாள் என்பதே எம் நெஞ்சை உறுத்துகின்றது.

சங்கத்தார் செய்யத்தக்கது

நம் சங்கம் ஆண்டுதோறும் நன்கு தேறிய மாணாக்கர்க்குப் பொன்னாடையும் பரிசும் வழங்கி வருகின்றது. அது தொடர்க. ஆனால் பரிசு அறுவடைக்குப்பின் வருவது. வேண்டுவது விதைப்பின் முன் வரும் துணை. ஆதலின் மூன்று செயல்களை அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

முதலாவது, பத்தாம் வகுப்பிற் பயிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சாதிச் சான்றிதழ் உளதா என்று நோக்குதல். குடும்பத்தில் முதற் பட்டதாரியாகவிருப்பார்க்கு உரிய சான்றிதழும், 6-ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிற் பயின்றமைக்குரிய சான்றும் உடன் திரட்டப்படல் வேண்டும். தொழிற்கல்விக்கு முதற் பட்டதாரிகட்கு 2010 முதற் கல்விக் கட்டணச் சலுகை உண்டு என்பதையும் பலர் அறியார்.

இரண்டாவது, மருத்துவர் என்பதொன்றே மருத்துவத்துறை அன்று என்பதைப் பிள்ளைகட்கு முன்னரே எடுத்துரைத்தல். செவிலியர், மருந்தாளுநர், ஆய்வுக்கூட நுட்பர், இயன்முறை மருத்துவர் ஆகிய தொழில்களை அறிந்து தேர்வது வேறு. அறியாமல் வீழ்வது வேறு.

மூன்றாவது, சங்கக் கட்டடத்தில் வாரத்தில் ஒரு நாள் மாலை, விண்ணப்பம் எழுதித் தரவும் கணிப்பொறியிற் பதிந்து தரவும் கற்றார் இருவர் அமர்ந்திருத்தல். ஓய்வு பெற்ற ஆசிரியரும் எழுத்தரும் நம்மிடை குறைவில்லை. முதல் ஆண்டில் யாமே அமர்கின்றோம்.

இத்துணையை நம் வகுப்பார்க்கு மட்டும் வரையறுத்தல் வேண்டும் என்று சிலர் கருதலாம். சங்கத்தின் பணம் உறுப்பினருடையது. அதனைப் பற்றி யாம் ஒன்றும் சொல்லோம். வழி சொல்லுதற்குப் பணம் செலவாவதில்லை. கோமுகியின் நீரை நாம் வகுப்புக் கேட்டு வாங்கவில்லை. மலையினின்று இறங்கி வந்து வழி கேட்கும் பிள்ளைக்கு, எந்த அலுவலகம், எந்த நாள், எந்தச் சான்று என்னும் மூன்று விடைகளைத் தருவதால் நம் பிள்ளைகள் இழப்பது யாதுமில்லை. 155 ஆண்டு காத்துப் பெற்ற பங்கு நான்கு நாளில் ஒருத்தியின் கையினின்று நழுவிற்று. இனியொரு பிள்ளைக்கு அது நிகழாதிருக்குமாறு காத்தல், கற்றோம் என்று சொல்லிக்கொள்ளும் நம் கடன்.

இவ்வாண்டு எம் வகுப்பில் மலையூர்ப் பிள்ளைகள் சிலர் உளர். அவருள் ஒருவன் அதே வினாவைக் கேட்டான். இம்முறை அவனை வாழ்த்தியனுப்பவில்லை. அவன் தந்தையார்க்கு ஒரு கடிதமும், கோட்டாட்சியர்க்கு ஒரு விண்ணப்பமும் அன்றே எழுதினோம்.